லயத்து வாசலில் ஒரு மழைமானி: எதை வாங்குவது, எங்கே நடுவது, எந்தக் கோட்டில் வீட்டை விட்டு இறங்குவது

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையின் மலையகத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, தேயிலைத் தோட்டங்களில் மழைச் சத்தத்தை யாரும் பழையபடி கேட்பதில்லை. தகரத்தில் நாலு துளி பலமாக விழுந்தால் வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. இஸ்தோப்புக்கு வந்து மேல் மலையைப் பார்க்கிறார்கள், இருட்டில் ஒன்றும் தெரியாமல் திரும்பிப் போய்ப் படுக்கிறார்கள். காலநிலை மாறிவிட்டது என்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. தெரியாமல் இருப்பது அடுத்து என்ன செய்வது என்பதுதான். அந்த இடத்தில் உதவுகிற மிகச் சிறிய கருவி ஒரு மழைமானி. கடையில் கிடைப்பவையும் வீட்டில் செய்துகொள்வதுமாக நாலு வகையை இங்கே எடை போடுகிறோம். அளவுகோல் ஒன்றே ஒன்று: மழை கொட்டும் இரவில், மண்சரிவு அபாயமுள்ள ஒரு லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருப்பவர்களை உரிய நேரத்தில் எழுப்பி வெளியே கொண்டுபோக இது உதவுமா?

முதலில் அந்த எண்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குப் பயன்படுத்தி வரும் மழை அளவுகள் மூன்று. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் மஞ்சள்: விழிப்பாக இரு. 100 மி.மீ. தாண்டினால் செம்மஞ்சள்: வெளியேறத் தயாராகு. 150 மி.மீ. தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மி.மீ. கொட்டினால் சிவப்பு: வெளியேறு. இந்த மூன்று எண்களையும் குழாயின் மேல் மூன்று நிறக் கோடாக ஒட்டிவிட்டால், எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டியும் டோர்ச் அடித்துப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஒரு மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லீட்டர் தண்ணீர். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு லயத்தைப் பாருங்கள். ஒரு காம்பராவின் (ஒரு குடும்பம் இருக்கும் அறை வீட்டின்) கூரை 20 சதுர மீட்டர் என்று வைத்தால், 75 மி.மீ. மழையில் அதிலிருந்து மட்டும் 1,500 லீட்டர் இறங்கும். பன்னிரண்டு காம்பரா லயத்தில் 18,000 லீட்டர். பின்புறக் கான் (வடிகால்) சுத்தமாக இருந்தால் இவ்வளவும் ஓடிப்போகும். கொழுந்துக் குப்பையும் பொலித்தீனும் அடைத்திருந்தால் அவ்வளவும் லயத்துக்குக் கீழே உள்ள மண்ணுக்குள் இறங்கும். மண்ணின் துவாரங்களில் தண்ணீர் நிறைய நிறைய மண்ணின் எடை கூடுகிறது. உள்ளே ஏறும் நீரழுத்தம் மண் மண்ணைப் பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. சரிவு தொடங்குவது அங்கேதான். மஞ்சள் கோடு தொட்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை கானைப் போய்ப் பார்ப்பது என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இந்த 18,000 லீட்டர்தான்.

காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி கிட்டத்தட்ட 7 சதவீதம் கூடுகிறது. அதனால்தான் மழை நாட்கள் அதே அளவில் இருந்தாலும் ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பது கூடுகிறது. இதைக் கூட்டம் போட்டுச் சொல்லலாம், சொல்கிறார்கள். ஆனால் பயத்தை மட்டும் ஏற்றிவிட்டு, செய்ய ஒரு வழியைக் கையில் கொடுக்காவிட்டால், மனிதர்கள் ஆபத்தை விட்டுவிட்டுப் பயத்தைச் சமாளிக்கத் தொடங்குவார்கள். ‘அதெல்லாம் நம்ம கையில் இல்லை’ என்பார்கள், பேச்சை மாற்றுவார்கள். தொடர்பாடல் ஆய்வாளர் கிம் விட்டே 1992இல் முன்வைத்த கோட்பாட்டின் சாரமும் இதுதான்: ஆபத்து பெரியது என்ற எண்ணமும், அதற்கு என்னால் ஒன்று செய்ய முடியும் என்ற நம்பிக்கையும் சேர்ந்து இருந்தால்தான் ஆள் அசைவார். மழைமானி அந்த இரண்டாவது பாதியைத் தருகிறது. ‘மழை பலமாக இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் பக்கத்து வீட்டார் ‘இதைவிடப் பெரிய மழையெல்லாம் பார்த்தாச்சு’ என்று முடித்துவிடுவார். ‘92 ஆகிவிட்டது, இன்னும் 8தான்’ என்று சொன்னால் அப்படி முடிக்க முடியாது.

இனிக் கருவிகள்.

பூச்சாடிக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் மலிவாகக் கிடைக்கும் ஒல்லிக் குழாய் வகையை மலையகத்துக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பூந்தோட்டத்துக்குத் தண்ணீர் போதுமா என்று பார்ப்பதற்காகச் செய்தது அது. சிலவற்றின் அளவுகோல் 35 அல்லது 40 மி.மீட்டரிலேயே முடிந்துவிடும். மஞ்சள் கோட்டுக்குப் பாதி தூரத்திலேயே நிரம்பி வழியும். காலையில் பார்ப்பவருக்கு 40 என்றுதான் தெரியும், உண்மையில் பெய்தது 140 ஆக இருக்கலாம். வாயும் இரண்டு மூன்று சென்ரிமீட்டர் அகலம்தான் என்பதால் காற்றோடு சாய்ந்து வரும் மழையில் ஒரு பகுதி தவறிப்போகும். வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம் விலையோ நிறமோ இல்லை. அளவுகோல் 150ஐத் தாண்டிப் போகிறதா என்பதுதான். தாண்டாவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இரட்டைக் குழாய் வகை வேறு தரம். 10 செ.மீ. அளவு அகலமான புனல், அதற்குக் கீழே ஒல்லியான உள்குழாய், இரண்டையும் சுற்றி அகலமான வெளிக்குழாய். உள்குழாயின் குறுக்குப் பரப்பு புனல் வாயின் பரப்பில் பத்தில் ஒன்று. ஒரு மி.மீ. மழை அதில் பத்து மி.மீ. உயரமாக நிற்கும், சின்னத் தூறலையும் வாசிக்கலாம். உள்குழாய் 25 மி.மீ. மழைக்கு நிறையும். மிச்சம் வெளிக்குழாயில் வழிந்து தேங்கும். மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 280 மி.மீ. நம் மலைகளுக்கு இது போதும். துல்லியத்தில் கையால் வாசிக்கும் மானிகளில் இதற்கு மேல் ஒரு வீட்டுக்குத் தேவையில்லை. ஆனால் ஒரு குறை இருக்கிறது, அதுவும் மோசமான நேரத்தில் காட்டிக்கொடுக்கும் குறை. 25க்கு மேல் போனால் வெளிக்குழாயில் தேங்கிய தண்ணீரை மறுபடி உள்குழாயில் ஊற்றி ஊற்றிக் கூட்ட வேண்டும். நள்ளிரவில் கொட்டும் மழையில், ஒரு கையில் டோர்ச்சுடன், நாலைந்து தடவை ஊற்றிக் கணக்கு வைப்பது பதற்றத்தில் பிழைக்கும். தீர்வு எளிது: கடும் மழை வருகிறது என்று தெரிந்ததும் புனலையும் உள்குழாயையும் கழற்றி உள்ளே எடுத்துவிடுங்கள். வெளிக்குழாய் நேரான உருளையாக, அதன் வாயும் உடலும் ஒரே அகலமாக இருந்தால், சாதாரண அடிக்கோலை உள்ளே விட்டு நேரடியாக வாசிக்கலாம். வெளிப்புறத்தில் 75, 100, 150 என மூன்று நிற நாடாவையும் அதே கணக்கில் ஒட்டிவிடலாம்.

காசு செலவில்லாத வகை ஒன்றரை லீட்டர்ப் பிளாஸ்டிக் போத்தல். பாடசாலையில் செய்து காட்டும் மாதிரி என்று இதை ஒதுக்க வேண்டாம். சரியாகச் செய்தால் கடைச் சாமானுக்குக் கிட்டே வரும். பிழையாகச் செய்தால் ஆளை ஏமாற்றும். இரண்டுக்கும் நடுவில் நாலு விஷயம்தான் இருக்கிறது.

போத்தல் நேராக இருக்க வேண்டும். இடுப்பு ஒடுங்கிய குளிர்பானப் போத்தலும், ஆழமான வரிப் பள்ளங்கள் உள்ள தண்ணீர்ப் போத்தலும் ஆகாது. உடலின் விட்டம் வாயின் விட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே பரப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், 100 மி.மீ. மழை 123 என்று காட்டும். அடிப்பாகம் குண்டும் குழியுமாக இருப்பதால் அதை நிரப்பிச் சமப்படுத்த வேண்டும். கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி அந்தத் தண்ணீர் மட்டத்தைப் பூச்சியக் கோடாகக் கொள்ளச் சொல்வது வழக்கம். வெயில் காலத்தில் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் பூச்சியம் கீழே இறங்கும், அடுத்த மழை குறைவாகக் காட்டும். ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு சலித்த மணல், கொஞ்சம் தளர்வாகக் குழைத்து, குழிகள் மறையும் வரை ஊற்றி, தட்டிச் சமப்படுத்தி, இரண்டு நாள் நிழலில் விடுங்கள். பூச்சியம் பிறகு நகராது, போத்தலும் காற்றில் சாயாது. அதற்கு மேல் நேரான பகுதி குறைந்தது 16 செ.மீ. எஞ்ச வேண்டும். எஞ்சாவிட்டால் இரண்டு லீட்டர்ப் போத்தலுக்குப் போங்கள்.

மூன்றாவது புனல். போத்தலின் மேற்பகுதியைத் தோள் வளைவு தொடங்கும் இடத்தில் வெட்டி, தலைகீழாக உள்ளே பொருத்துவார்கள். குப்பை விழாமல் தடுக்கவும் ஆவியாவதைக் குறைக்கவும் அது நல்லது. ஆனால் தண்ணீர் மட்டம் புனலின் கழுத்தைத் தொட்டதும் புனலுக்கும் போத்தல் சுவருக்கும் இடையில் காற்று சிறைப்படும். பிறகு வரும் மழை புனலுக்குள்ளேயே தேங்கி நிற்கும், வெளியே மட்டம் ஏறாது, பார்ப்பவருக்கு மழை நின்றுவிட்டது போலத் தோன்றும். இது நடப்பது பெரும்பாலும் செம்மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையில். சூடாக்கிய ஊசியால் புனலின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே இரண்டு மூன்று துளை போட்டால் காற்று வெளியேறிவிடும். இந்தத் துளைகளை மறந்துவிட்டுச் செய்த போத்தல் மானிகள் நிறைய இருக்கின்றன. உங்களிடம் ஒன்று இருந்தால் இன்றே பாருங்கள்.

நாலாவது அளவுக்கோடு. காகிதத்தில் எழுதி ஒட்டினால் ஒரு மழைக்குத் தாங்காது. அழியாத மை பேனையும் வெயிலில் சில மாதத்தில் வெளிறும். கியூடெக்ஸ் (நகப்பூச்சு) நின்று பிடிக்கும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம் கிடைத்தால் நாடாவும் தேவையில்லை. பூச்சியக் கோட்டிலிருந்து அடிக்கோலால் 75, 100, 150 மி.மீ. அளந்து முழு வட்டமாகப் பூசுங்கள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் தெரிய வேண்டும்.

வாங்கியதோ செய்ததோ, நம்புமுன் ஒரு சோதனை. வாயின் உள்விட்டத்தைச் சென்ரிமீட்டரில் அளந்து, பாதியாக்கி, அதை அதனாலேயே பெருக்கி, 3.14ஆல் பெருக்கினால் பரப்பு வரும். 10 செ.மீ. வாய்க்கு 78.5. பத்து மி.மீ. மழைக்கு அந்த எண்ணளவு மில்லிலீட்டர்தான் தண்ணீர்: 78.5 மி.லீ. பாமசியில் வாங்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள். மட்டம் 10 மி.மீ. காட்ட வேண்டும், மூன்று கோடு மட்டும் உள்ள போத்தலில் அடிக்கோல் வைத்துப் பாருங்கள். 8.8 செ.மீ. போத்தலுக்கு 61 மி.லீ. மிகச் சிறிய வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் கோட்டை அழித்துவிட்டு, சிரிஞ்சால் ஊற்றி ஊற்றியே புதுக் கோடு போடுங்கள், அது அடிக்கோலைவிட நம்பகமானது.

கடைசியாக டிஜிட்டல் வகை. உள்ளே ஒரு சின்னச் சீசோ வாளி, 0.2 அல்லது 0.3 மி.மீ. மழைக்கு ஒரு தடவை கவிழ்ந்து எண்ணும், எண்ணிக்கை வயரில்லாமல் வீட்டுக்குள் உள்ள திரைக்கு வரும். கதவைத் திறக்காமலே ஒரு மணி நேர மழையைப் பார்க்கலாம். அளவு தாண்டினால் அலறும்படி வைக்கவும் சிலவற்றில் வசதி உண்டு. ‘ஒரு மணி நேரத்தில் 75’ என்ற சிவப்பை நித்திரையில் இருப்பவருக்குச் சொல்லக்கூடியது இது மட்டும்தான். அதற்காக இதை மதிக்கிறோம். ஆனால் தனியாக இதை நம்ப வேண்டாம். வாளி கவிழும் அந்தக் கணத்தில் விழும் தண்ணீர் கணக்கில் வராது, மழை எவ்வளவு கடுமையோ அவ்வளவு குறைத்துக் காட்டும். சிலந்தி வலை ஒன்று வாளியைப் பிடித்துக்கொண்டாலே எண்ணுவது நின்றுவிடும், திரையில் 0 என்று அமைதியாக நிற்கும். பனிமூட்டத்து ஈரத்தில் பேட்டரி முனைகள் பச்சை பிடிக்கும். ‘இன்றைய மழை’ என்ற எண் பெரும்பாலானவற்றில் நள்ளிரவு 12 மணிக்குப் பூச்சியமாகும். இரவு பத்திலிருந்து பெய்த மழையை 12.05க்குப் பார்ப்பவர் ஒன்றுமில்லை என்று படுத்துவிடுவார். ‘கடந்த 24 மணி’ என்ற தெரிவு இருக்கும் மாதிரியை மட்டும் வாங்குங்கள், பக்கத்தில் ஒரு போத்தல் மானியையும் வையுங்கள்.

எங்கே நடுவது என்பதில்தான் அதிகப் பிழை நடக்கிறது. ஆட்கள் இஸ்தோப்பிலிருந்து எட்டிப் பார்க்க வசதியாகக் கூரை ஓரத்தில் வைக்கிறார்கள். தகரத்தில் மோதிய காற்று மழையைத் திருப்பிவிடும், சில நேரம் கூரைத் தண்ணீரே தெறித்து விழும். கூரை எவ்வளவு உயரமோ, அதைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். நாலு மீட்டர் கூரை என்றால் எட்டு மீட்டர். நிழல் மரத்துக்கும் இதே கணக்கு. மரத்தடியில் வைத்த மானி மழை நின்று அரை மணி நேரம் கழித்தும் ஏறிக்கொண்டே இருக்கும். தோட்டங்களில் பிரட்டுக்களமும் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடம்) பிள்ளைக் காம்பராவுக்கு (குழந்தை பராமரிப்பு நிலையம்) முன்னால் உள்ள வெட்டவெளியும் பெரும்பாலும் பொருத்தமாக அமையும். மலை விளிம்பில் வேண்டாம், அங்கே காற்று வாய்க்கு மேலாக மழையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கம்பத்தில் கட்டும்போது வாய் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், கம்பத்தின் தலையைவிடச் சற்று மேலே, சமமட்டமாக இருக்கட்டும். தரையில் வைத்தால் சேறு தெறிக்கும், நாய் தட்டிவிடும். நுவரெலியா பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் இடங்களில் இரவில் தண்ணீரை உள்ளே விட்டுவைக்காதீர்கள். உறைந்து விரிந்து குழாயைப் பிளக்கும்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாள் கணக்கு காலை 8.30க்கு முடிகிறது. அதே நேரத்தில் வாசித்தால் அவர்கள் வெளியிடும் எண்ணோடு ஒப்பிடலாம். ஆனால் 8.30க்குத் தோட்டத்தில் யார் இருக்கிறார்கள்? கொழுந்துக்குப் போனவர்கள் மலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அந்த வேலையை வீட்டில் இருக்கும் ஓய்வு பெற்ற ஒருவருக்கோ பிள்ளைக் காம்பரா பார்க்கும் அக்காவுக்கோ கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் காலை ஆறு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லா நாளும் ஆறு மணிதான். கண் தண்ணீர் மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். தண்ணீர் ஓரங்களில் சுவரில் ஏறி நிற்கும், நடுவில் உள்ள தாழ்ந்த மட்டத்தை வாசிக்க வேண்டும். ஒரு சி.ஆர். கொப்பியில் திகதி, நேரம், மி.மீ., வாசித்தவர் பெயர், குறிப்பு என்று ஐந்து நிரல் அடித்து எழுதுங்கள். மழை இல்லாத நாளில் 0 என்று எழுத வேண்டும். வெற்றிடம் விட்டால் மழை இல்லையா, வாசிக்கவில்லையா என்று பிறகு தெரியாது.

இனி, உயிர் போகக்கூடிய பிழை. காலையில் வாசித்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் மானி பூச்சியத்தில் தொடங்கும், மலை பூச்சியத்தில் தொடங்காது. நேற்று மாலை நாலு மணியிலிருந்து காலை 8.30 வரை 60 மி.மீ. பெய்தது என்று வையுங்கள். எழுதிவிட்டுக் கொட்டியாயிற்று. மழை விடவில்லை. 11 மணிக்குப் பார்த்தால் மானியில் 55. மஞ்சள் கோட்டையே தொடவில்லை என்று தோன்றும். உண்மையில் கடந்த 24 மணிக்குள் 115, செம்மஞ்சள் தாண்டிவிட்டது. நிறக் கோட்டை மட்டும் நம்பும் வீடு இந்த இடத்தில் ஏமாறும். எனவே மழை தொடரும் நாட்களில் 8.30க்கு எழுதுங்கள், ஆனால் கொட்ட வேண்டாம். மழை ஓய்ந்த பிறகே கொட்டுங்கள், அல்லது மானி நிரம்பப் போகும்போது மட்டும் கொட்டி, கொட்டிய அளவைக் கொப்பியில் சிவப்பு மையில் எழுதுங்கள். கடும் மழையில் மணிக்கொரு தடவை வாசிப்பு. இரவில் இரண்டு வீடு முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கே பாரமாக இராது.

எண் தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதை மழை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும், மழையில் நின்று எடுக்க முடியாது. மஞ்சளில் போன், டோர்ச் சார்ஜ், கான் துப்புரவு, பிறகு லயத்தைச் சுற்றி ஒரு நடை: தரையில் புது வெடிப்பு, சாய்ந்த மரமோ கம்பமோ, திடீரென இறுகிய கதவு, புதிதாக ஊறும் தண்ணீர். பீலியை (மலை ஊற்றுத் தண்ணீர் வரும் குழாயை) கட்டாயம் பாருங்கள். தெளிவாக வந்த பீலித் தண்ணீர் கலங்கி வந்தாலோ, சட்டென்று நின்றாலோ மேலே மண் அசைகிறது என்று கொள்ளுங்கள். இப்படி ஒரு அறிகுறி கண்ணில் பட்டால் கோடு எதுவாக இருந்தாலும் சிவப்பு என்றே நடக்க வேண்டும். செம்மஞ்சளில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து, பால்மா எல்லாம் ஒரு பைக்குள். நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் அப்போதே போய்விட வேண்டும். பின்னேரம் நாலு மணிக்குச் செம்மஞ்சள் தொட்டு மழையும் விடாமல் இருந்தால் எல்லோரும் வெளிச்சத்திலேயே இறங்குவதுதான் சரி. சிவப்பைப் படிக்கட்டில் இருட்டில் சந்திக்கக் கூடாது. சிவப்பில் எல்லோரும், உடனே. ஆட்டுக்காகவும் அடுப்பில் வைத்த சோற்றுக்காகவும் திரும்புவதில்லை.

செய்தி சொல்லும் வழியும் முன்கூட்டியே வேண்டும். பெரிய மழையில் கரண்டும் போன் சிக்னலும் முதலில் போகும். கோயில் மணியைப் பூசை மணி போலன்றி விடாமல் அடிப்பது, அல்லது ஒரு காலத்தில் பிரட்டுக்கு அடித்த தப்பை இதற்கென்று அடிப்பது, இரண்டில் ஒன்றைத் தீர்மானித்து ஒரு தடவை ஒத்திகை பாருங்கள். கடைசிக் காம்பராவில் கேட்கிறதா என்பது ஒத்திகையில்தான் தெரியும். தொடர்பு இருக்கும்போது கிராம உத்தியோகத்தருக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் எண்ணோடு சொல்லுங்கள்: எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எத்தனை மணியிலிருந்து எத்தனை மி.மீ.

அரசாங்க எச்சரிக்கை இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். அந்த எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவு அளவில் வருகிறது. மலையில் ஒரு முகடு தாண்டினால் மழை வேறு. மேற்குச் சரிவில் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை கொட்டும்போது பதுளைப் பக்கம் காய்ந்திருக்கும், ஒக்டோபருக்குப் பிறகு கதை மாறும். உங்கள் லயத்துக்கு மேலே பெய்வதை உங்கள் வாசலில் உள்ள குழாய்தான் சொல்லும். மறுபுறம், மானி 50தான் காட்டுகிறது என்று அரசாங்கம் கொடுத்த சிவப்பு எச்சரிக்கையைத் தள்ளிவிடவும் கூடாது. இரண்டில் எது உயர்ந்ததோ அதன்படி நடக்க வேண்டும். ஒரு வாரமாக நனைந்த மண் 75க்கு முன்பே சரியலாம். மழை விட்ட பிறகும் சரியலாம், அதனால் வெயில் அடித்ததும் உடனே லயத்துக்குத் திரும்புவதும் ஆபத்து.

மழைமானி மலையைப் பிடித்து நிறுத்தாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, அந்த இடம் அபாயமானது என்று பல வருடம் முன்பே சொல்லப்பட்டிருந்தது. போக வேறு இடம் இல்லாதவர்களிடம் ‘வெளியேறு’ என்று மட்டும் சொல்வது பாதி வேலைதான். பாதுகாப்பான காணியும் வீடும் தோட்ட மக்களுக்குக் கிடைத்தே ஆக வேண்டும், அந்தக் கோரிக்கையை எந்தக் குழாயும் ஈடு செய்யாது. ஆனால் அந்தக் கோரிக்கைக்கும் இந்தக் கொப்பி உதவும். ‘எங்கள் லயம் ஆபத்தில் இருக்கிறது, வந்து பாருங்கள்’ என்று பிரதேச செயலகத்துக்கு எழுதும் கடிதத்தோடு ஒரு வருட மழைக் கணக்கு, வெடிப்புகளின் படம், வெடிப்பின் அகலம் மாதத்துக்கு மாதம் எவ்வளவு கூடியது என்ற அளவு ஆகியவற்றை இணைத்துக் கொடுங்கள். கொடுத்ததற்கு முத்திரை குத்திய பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். வெடிப்பின் இரு பக்கமும் ஒரு ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி தூரத்தை மாதம் ஒரு தடவை அளந்தால் போதும்.

எங்கள் முடிவு. ஒரு லயத்துக்குச் சேர்ந்து வாங்க முடிந்தால் இரட்டைக் குழாய் வகை, ஐந்துக்கு நாலரை. சரியாகச் செய்த போத்தல் மானிக்கு நாலு, காற்றுத் துளை இல்லாததற்கு ஒன்றுகூட இல்லை. டிஜிட்டலுக்குத் தனியாக இரண்டரை, போத்தலோடு சேர்ந்தால் நாலு. ஒல்லிக் குழாயை விட்டுவிடுங்கள். மார்ச், ஏப்ரல் பின்னேர இடிமழைக்கு முன் நட்டுவிட்டால், மே மாதம் வருவதற்குள் வாசிக்கும் கை பழகிவிடும். மாதம் ஒரு தடவை போத்தல் தூரிகையால் பாசியைக் கழுவுங்கள், சவர்க்காரம் போட்டால் நன்றாக அலசுங்கள். பச்சை பிடித்த குழாயில் இரவில் டோர்ச் அடித்தால் மட்டம் தெரியாது.